நண்டுக்கு எத்தனை அறிவு?

வணக்கம் அண்ணா,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். கம்பஸில் உயிரியல், மூன்றாம் வருடம். இனம் என்றால் என்ன என்பதை இந்தத் தவணை முழுக்கப் படித்தோம். தங்களுக்குள் கலந்து, மேலும் பெருகக்கூடிய குட்டிகளை ஈனும் கூட்டமே ஓர் இனம் என்று ஏர்ன்ஸ்ட் மேயர் 1942 இல் சொன்னதில் தொடங்கினோம். முடிக்கும்போது பார்த்தால் அதற்குள் அடங்காத உயிர்கள் ஏராளம். கலவாமலே பெருகும் பக்டீரியாவை எதில் சேர்ப்பது? நம் முன்னோர், எப்போதோ அழிந்துபோன நியண்டர்தால் மனிதரோடு கலந்திருக்கிறார்கள் என்று 2010 இல் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் மனித இனம் என்பதும் நாம் கீறிய கோடுதானே? அம்மா சுத்த சைவம். மனிதப் பிறவி அரிது, உயர்ந்தது என்பார். அந்த உயர்வு எந்த இடத்தில் தொடங்குகிறது? நியண்டர்தாலுக்கு ஆன்மா உண்டா? கோடே இல்லையென்றால் மனிதனைக் கொல்வதும் மீனைக் கொல்வதும் ஒன்றா? அம்மாவிடம் கேட்டால் கோயிலுக்குப் போ என்கிறார், நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

ச., தெஹிவளை

அன்புள்ள தம்பிக்கு,

இது சிரிக்கிற கேள்வி இல்லை. ஒரு கிழமையாக இதையே யோசித்துக்கொண்டு திரிகிறேன்.

உங்கள் உயிரியலில் பிழையில்லை. நம் நாட்டுத் தேவாங்கையே எடுங்களேன். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருப்பது ஒரே தேவாங்கு இனம். பிறகு ஆய்வாளர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். தென்மேற்கு மழைக்காட்டின் சின்னச் செந்தேவாங்கு ஓர் இனம், சாம்பல் தேவாங்கு இன்னோர் இனம். சிங்கராஜாவில் இரவில் கொப்பைப் பிடித்துக்கொண்டு பூச்சி தேடும் அந்தச் சீவனுக்கு இதனால் ஒன்றும் மாறவில்லை. நாட்டு வைத்தியத்தில் கண் நோய்க்கென்று அதன் கண்ணை எடுத்தார்களே, அப்போது அது ஒரே இனமா இரண்டா என்பதைப் பொறுத்து அதற்கு வலி கூடியும் இருக்காது, குறைந்தும் இருக்காது. எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: கொல்லலாமா, நோகடிக்கலாமா என்ற கேள்விக்கு அந்தக் கோட்டில் பதில் இல்லை. கோடு அழிந்துவிட்டதே என்று நீங்கள் பதறுகிறீர்கள். அறம் அதன்மேல் நிற்கவேயில்லை என்பதால் எனக்கு அந்தப் பதற்றம் வரவில்லை.

கோடு மங்கலாக இருப்பது வேறு, வித்தியாசமே இல்லாமல் போவது வேறு. உங்களுக்கு மீசை முளைத்த நாள் எது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டார். ஆனாலும் மீசை இருக்கிறது. மனிதனுக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது, கொடுத்த வாக்கு இருக்கிறது, அவன் வரவில்லையே என்று வாசலில் காத்திருக்கிற ஆள் இருக்கிறது. அவனைக் கொல்லும்போது அத்தனையும் சேர்ந்து போகிறது. அதனால் மனிதனைக் கொல்வதும் மீனைக் கொல்வதும் ஒன்றில்லை. அதற்காக மீனுக்குப் போவது ஒன்றுமேயில்லை என்றும் ஆகாது.

போன மாதம் வெள்ளவத்தைச் சந்தையில் நண்டு வாங்க நின்றேன். கால்களைச் சணலால் இறுக்கிக் கட்டிக் குவித்திருந்தார்கள். ஒன்றின் வாயோரம் நுரை கட்டியிருந்தது, கண் இரண்டும் காம்பில் நின்று மெல்லத் திரும்பின. கடைக்காரர் உயிரோடேயே ஓட்டைப் பிளந்தார். பிளந்த பிறகும் ஒரு கால் சணலை இழுத்தபடி இருந்தது, நான் மிச்சக் காசை வாங்கும் வரைக்கும். அந்தக் கறியை நான் சாப்பிடவில்லை. வீட்டில் சண்டை.

அன்றிரவு தொல்காப்பியத்தின் மரபியலை எடுத்துப் பார்த்தேன். ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’ என்று இருக்கிறது. தொடுதல், சுவை, மணம், பார்வை ஆகிய நான்கு. புல்லும் மரமும் ஓரறிவு, எறும்பு மூன்று, விலங்குக்கு ஐந்து, மக்களுக்கு ஆறு. இதில் எனக்குப் பிடித்தது, எது எதோடு கலந்து குட்டி ஈனும் என்ற பேச்சே அங்கு இல்லை என்பதுதான். எந்த உயிருக்கு என்ன தெரியும், அதுதான் கணக்கு. மக்களை ஆறறிவு என்று சொன்ன கையோடு ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று கதவைத் திறந்தும் வைத்திருக்கிறார். உங்கள் நியண்டர்தால் அந்தக் கதவால் தாராளமாக உள்ளே வரலாம்.

தொல்காப்பியர் எண்ணியதைத்தான் இப்போது ஆய்வுகூடத்திலும் தேடுகிறார்கள். பெல்ஃபாஸ்டில் ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர், வெறும் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்குச் சின்ன மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை சட்டென்று வெளியே வந்தன. நல்ல சங்கு கிடைத்தவையோ அவ்வளவு லேசில் வெளியேறவில்லை, தாங்கிக்கொண்டு இருந்தன. சுட்டால் கையை இழுக்கிற மாதிரியான வெறும் அனிச்சை என்றால் சங்கின் தரத்தைப் பார்க்குமா? பிரித்தானியா 2022 இல் கொண்டுவந்த விலங்கு நலச் சட்டத்தில் நண்டையும் இறாலையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்த்தது இப்படியான ஆய்வுகளைப் பார்த்துத்தான்.

சரி, ஆன்மா. உங்கள் அம்மா சொல்வது தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். சைவ சித்தாந்தத்தில் உயிருக்குப் பெயரே பசு. அது படைக்கப்பட்டதில்லை, பதியாகிய இறைவனைப் போலவே தொடக்கம் இல்லாதது. ‘புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி’ என்று அவர் தினமும் பாடுகிற சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் தன் கதையைத்தான் சொல்கிறார். மனிதப் பிறவி அரிது என்பது விடுபட ஒரு வாய்ப்பு என்ற அர்த்தத்தில், மற்றதை வெட்டக் கிடைத்த உரிமம் என்ற அர்த்தத்தில் இல்லை. ஆகவே நியண்டர்தால் கேள்வி சைவத்தைச் சுடாது. கொட்டாஞ்சேனையில் உங்களுக்கு ஒரு கத்தோலிக்க நண்பர் இருந்தால் அவரைத்தான் அது கொஞ்சம் சிரமப்படுத்தும், ஏனென்றால் உடல் பரிணாமத்தில் வந்திருக்கலாம், ஆன்மாவை இறைவன் நேரடியாகப் படைக்கிறார் என்று 1950 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் எழுதினார். அப்போது எந்தத் தலைமுறையில் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. பௌத்தத்தின் முதல் சீலம் மனிதரை மட்டும் சொல்லவில்லை, உயிருள்ள எதையும் கொல்லாதே என்கிறது. குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் விலங்குகளும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்கிறது. இந்த ஊரில் இருக்கும் எந்த மதமும் மற்ற உயிர்களைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை.

ஆனால் நடைமுறை என்னைக் கோபப்படுத்துகிறது. 2020 இல் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை ஒப்புக்கொண்டது. அதே முடிவில், சாப்பிடுகிறவர்களுக்கு மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கலாம் என்றும் இருந்தது. வெளிநாட்டு மாட்டுக்கு வலிக்காதா? மாட்டின்மேல் இருந்த இரக்கத்தைவிட அதை அறுக்கிறவர் யார் என்ற கணக்கு அதில் கூட இருந்தது என்றே நான் நினைக்கிறேன். நாம் சைவர்களும் சும்மா இருக்கவில்லை, அந்தத் தடையை நம்மில் எத்தனை பேர் கைதட்டி வரவேற்றோம்!

இன்னொன்று, தம்பி. நீங்கள் வகுப்பில் படித்த சொல் இனம். நம் பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தைக்கு நேரே எழுதியிருப்பதும் இனம்தான். 1983 கலவரத்தில் கொழும்பில் ஆட்களை மறித்து, வாயைத் திறந்து பேசச் சொல்லி உச்சரிப்பில் தேடியதும் அதைத்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். எதிரே இருக்கிற உயிருக்கு நோகுமா என்று பார்க்காமல் அது எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் பார்க்கிற கண்ணை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன். அதனால்தான் கோடு கரைகிறது என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது பயம் வரவில்லை, ஒருவித ஆறுதல்தான் வந்தது.

அம்மாவிடம் நியண்டர்தாலைக் கேட்காதீர்கள், அவருக்கு அது யாரென்று தெரியாது. பசு என்றால் என்ன என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு, சமையல் முடிந்து அவர் ஆறுதலாக இருக்கும்போது கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா