அஜைலா, வாட்டர்ஃபாலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எம்.சி.ஏ. படிக்கிறேன். வாட்டர்ஃபால் காலாவதியாகிவிட்டது, இப்போது எல்லாமே அஜைல்தான் என்கிறார்கள். ஆனால் தேர்வில் வாட்டர்ஃபால் படத்தைத்தான் வரையச் சொல்கிறார்கள். நான் எதைப் படிப்பது?
– ஒரு மாணவி, மதுரை

இரண்டையும் படியுங்கள். தேவை, டிசைன், நிரல், டெஸ்டிங் என்று ஒரு கட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததுக்கு இறங்குவது வாட்டர்ஃபால்; சின்னச் சின்னப் பகுதியாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போவது அஜைல். ஆனால் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்ற எண்ணத்தோடு படிக்காதீர்கள். அந்தப் படிக்கட்டுப் படம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் வந்தது. விண்கலங்களுக்கான மென்பொருள் வேலையில் கிடைத்த அனுபவத்தை வைத்து எழுதினார். அதில் 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே கிடையாது. இதை இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியில் போய் முடியும் என்று படத்தைப் போட்டவரே அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். ஏனென்றால் டெஸ்டிங் கடைசியில் வருகிறது, வேகம் போதுமா, நினைவகம் போதுமா என்பதெல்லாம் அங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும், அதற்குள் டிசைனையே திரும்பப் பிரிக்க வேண்டிய நிலை வந்திருக்கும். புதுவிதமான சிஸ்டம் என்றால் முதலில் சின்னதாக ஒன்றைக் கட்டிப் பாருங்கள், கிளையன்ட் கைக்குப் போவது இரண்டாவது பதிப்பாக இருக்கட்டும் என்பது அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று. கிளையன்டை ஆரம்பம் முதல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்பது இன்னொன்று. படிக்க வேண்டியது அந்தப் பிற்பகுதியைத்தான்.

அஜைலின் அடிப்படைக் கொள்கைகளைச் சொல்லும் அஜைல் அறிக்கையையும் இப்படித்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர் எழுதியது. ஆவணமே வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை. ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு, ஓடுகிற மென்பொருளுக்கு அதைவிட அதிக மதிப்பு என்றுதான் இருக்கிறது.

என் கருத்தில் ஒரு முறையைத் தேர்ந்தெடுக்க முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. என்ன வேண்டும் என்பது கேட்கிறவருக்கே எவ்வளவு தெளிவாகத் தெரியும்? தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முறையின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிறிய நகைக்கடன் நிறுவனம் நடத்துகிறோம். புது மென்பொருள் செய்ய வந்தவர்கள், "நாங்கள் அஜைல், ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் எல்லாம் தேவையில்லை, மாதாமாதம் பில் போடுகிறோம்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

அப்படியே சம்மதிக்காதீர்கள். உங்கள் வேலையில் இரண்டு பகுதி இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே முறை சரிவராது.

முதல் பகுதி, கணக்கு. வட்டி மாதக் கணக்கா, நாள் கணக்கா? அடகு வைத்த நாள், மீட்கிற நாள் இரண்டும் சேருமா? பகுதிப் பணம் கட்டினால் முதலில் வட்டிக்கா, அசலுக்கா? நாலு வளையலில் ஒன்றை மட்டும் மீட்க வந்தால் மீதி எடைக்கு எவ்வளவு கடன் நிற்கலாம்? ஏல நோட்டீஸ் எப்போது போக வேண்டும்? இவற்றுக்கு உங்களிடம் பதில் தயாராக இருக்கிறது, ரிசர்வ் வங்கியின் விதிகளும் இருக்கின்றன. இதைப் போகப் போகக் கண்டுபிடிக்கலாம் என்று விட்டால் பணம்தான் வீண். எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், கூடவே முடிந்துபோன பழைய கடன்கள் சிலவற்றைப் பேரேட்டிலிருந்து எடுத்து, தேதி, அசல், இடையில் கட்டிய தொகை, வசூலான வட்டி என்று அட்டவணை போட்டுக் கொடுங்கள். பகுதிப் பணம், பாதி மீட்பு, ஏலம் வரை போனது என்று சிக்கலானவையாகப் பார்த்து எடுங்கள். புது மென்பொருள் அதே தொகையை ரூபாய் பிசகாமல் காட்டினால்தான் அந்தப் பகுதி முடிந்ததாகக் கணக்கு.

இரண்டாவது பகுதி, கவுன்டர். இங்கே அவர்கள் சொல்வது சரி, இதை எழுதி வைத்து முடிக்க முடியாது. மதிப்பீட்டாளர் நகையைத் தராசில் வைத்து மொத்த எடை சொல்வார், கல்லுக்கும் அரக்குக்கும் கழிப்பார், நிகர எடை சொல்வார், அப்புறம்தான் வாடிக்கையாளரின் விவரம். திரையோ முகவரியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது என்றால் அவர் என்ன செய்வார்? எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கூட்டம் குறைந்ததும் ஏற்றுவார். ஒருவருடைய எடை இன்னொருவர் கணக்கில் ஏறுவதற்கு அது போதும். அந்த டெவலப்பர் ஒரு காலைப்பொழுது உங்கள் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் இது கண்ணில் படும். ஆகவே திரைகளை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் ஆட்கள் தொட்டுப் பார்த்துக் குறை சொல்லட்டும், சரி என்று ஏற்றுக்கொண்ட வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

இன்னொன்று. முடிவு சொல்லும் அதிகாரமுள்ள ஒருவரை, சீனியர் கேஷியர் மாதிரி ஒருவரை, வாரத்தில் சில மணி நேரமாவது இதற்கென்றே விட வேண்டும். அது முடியாது என்றால் அஜைல் உங்களுக்குச் சரிவராது.

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்குப் புது சிஸ்டம் தயார். எல்லாப் பிரிவுகளையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம், பழசையும் சேர்த்து ஓட்டினால் இரட்டை வேலை என்கிறது நிர்வாகம். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சேலம்

நீங்கள் பயப்படுவது நியாயம். நிர்வாகத்திடம் காட்ட லண்டனில் நடந்தது ஒன்று இருக்கிறது.

1992 அக்டோபர் 26 காலை, லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு ஒரே மூச்சில் மாறியது. அதுவரை அழைப்பு விவரத்தைக் காகிதப் படிவத்தில் எழுதி, எந்த வண்டியை அனுப்புவது என்று ஆட்கள்தான் முடிவு செய்தார்கள். இனி வண்டி எங்கே இருக்கிறது என்பதைக் கணினியே தெரிந்துகொண்டு, எதை அனுப்பலாம் என்று அதுவே சொல்லும். கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் உட்காரும் இடங்கள்கூட அன்று மாறிவிட்டன. அன்று தீர்க்கப்படாத குறைகள் 81 பட்டியலில் இருந்தன.

வண்டிகளிலிருந்து நிலைத் தகவல் சரியாக வரவில்லை. சில இடங்களில் ரேடியோ எட்டவில்லை, சில வண்டிகளில் ஊழியர்கள் நிலையைத் தெரிவிக்கும் பட்டன்களைச் சரியான வரிசையில் அழுத்தவில்லை. எந்த வண்டி எங்கே என்று தெரியாமல் கணினி தப்பான வண்டியைத் தேர்ந்தெடுத்தது, ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகூடப் போயின. ஆம்புலன்ஸ் வராதவர்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள், அதனால் கூடிய அழைப்புகளில் எச்சரிக்கைச் செய்திகள் திரையைத் தாண்டி மேலே போய் மறைந்தன. அடுத்த நாள் பாதிக் கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அதிகாலையில் அதுவும் மொத்தமாக நின்றது. எடுத்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காத ஒரு சின்ன நிரல் துண்டு, சில வாரங்களுக்கு முன் சர்வரில் விட்டுப்போனது, காரணமாகியிருந்தது. அப்புறம் முழுக்கக் காகிதம்தான்.

1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கையில் என்னை மிகவும் பாதித்த விஷயம் வேறு. பிரின்ஸ் என்ற திட்ட நிர்வாக முறையைப் பின்பற்றுவதாக அந்தத் திட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதைப் பயன்படுத்திய அனுபவமுள்ளவர் அங்கே யாரும் இல்லை. முறையின் பெயர் காகிதத்தில் இருந்தது, வேலையில் இல்லை.

அதே சேவை 1996-ல் வேறொரு சிஸ்டத்தைக் கொண்டுவந்தது. மாதிரிகளைச் செய்து ஊழியர்களிடம் காட்டித் திருத்தி, அழைப்பைப் பதிவு செய்யும் எளிய பகுதியை முதலில் விட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இந்த முறை நிலைத்தது.

உங்களுக்கு நான் சொல்வது: ஓ.பி. பதிவில் ஆரம்பியுங்கள். அப்புறம் பில்லிங், ஃபார்மஸி, லேப். வார்டில் மருந்து கொடுக்கும் சார்ட்டும் ஐ.சி.யூ.வும் கடைசியில் வரட்டும். ஒரு நேரத்தில் ஒரு பிரிவில் மட்டும் பழசும் புதுசும் சேர்ந்து ஓடினால் இரட்டை வேலை அந்தப் பிரிவோடு நிற்கும். ஒவ்வொரு பிரிவிலும் தொடங்கும் முன்பே "நிறுத்துங்கள், காகிதத்துக்குத் திரும்புங்கள்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு ஷிஃப்டுக்கும் ஒருவர் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் டீமில் டெய்லி ஸ்டாண்ட்அப் தினமும் முக்கால் மணி நேரம். மேனேஜர் ஒவ்வொருவரிடமும் ஸ்டேட்டஸ் கேட்கிறார். இதுதான் ஸ்க்ரமா?
– ஒரு டெவலப்பர், சென்னை

இல்லை. ஸ்க்ரம் அஜைல் முறைகளில் ஒன்று, அதில் இந்தத் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான். வேலை செய்கிறவர்கள் அடுத்த ஒரு நாளை எப்படி நகர்த்துவது என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான் அது, மேலே கணக்கு ஒப்பிக்க அல்ல. ஸ்பிரின்ட் என்ற குறுகிய வேலைச் சுற்றின் முடிவில், வேலை எப்படி நடந்தது என்று திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் இதையே முதல் பொருளாக வையுங்கள். ஸ்டேட்டஸை, யார் வேலை எந்த நிலையில் என்று காட்டும் போர்டில் பார்த்துக்கொள்ளும்படி மேனேஜரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ரெட்ரோவே நடப்பதில்லை என்றால் முதலில் அதை ஆரம்பியுங்கள், மற்றவை அங்கிருந்துதான் சரியாகும்.

கேள்வி: செக்லன்டின் மென்முறை அமைப்பு ஆய்வை (சாஃப்ட் சிஸ்டம்ஸ் மெத்தடாலஜி) படிக்கிறேன். வேலையில் இதற்கு இடம் உண்டா?
– ஒரு பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

உண்டு. பிரச்சினை என்ன என்பதிலேயே ஆளுக்கு ஒரு கருத்து இருக்கிற இடத்தில் இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. இதை உருவாக்கிய பீட்டர் செக்லன்ட், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வருவதற்கு முன் ஐ.சி.ஐ. என்ற ரசாயன நிறுவனத்தில் பல ஆண்டுகள் மேலாளராக இருந்தவர். நிர்வாகச் சிக்கல் எவ்வளவு குழப்பமாக வந்து நிற்கும் என்பதை நேரில் பார்த்தவர்.

ஒரு கல்லூரியில் வருகைப் பதிவு சிஸ்டம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்கு அது தேர்வெழுதும் தகுதியை முடிவு செய்யும் கணக்கு, பெற்றோருக்குப் பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி, ஆசிரியருக்கோ தான் வகுப்புக்கு எத்தனை மணிக்கு வந்தேன் என்று வேவு பார்க்கும் கருவி. மூன்று பார்வைகளையும் ஒரே பெரிய தாளில் படமாக வரைந்து மூவரையும் அதன் முன்னால் உட்கார வைக்காமல் நேராக ஸ்பிரின்ட் போட்டால், மென்பொருள் ஒழுங்காக ஓடும், ஆசிரியர்கள் பயன்படுத்த மாட்டார்கள்.

மான்செஸ்டரில் இருந்த ஆய்வாளர் எனிட் மம்ஃபோர்டையும் சேர்த்துப் படியுங்கள். கணினி வந்த பிறகு வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த வேலையைச் செய்கிற குமாஸ்தாக்களே வடிவமைக்க வேண்டும் என்று வாதாடியவர், நிறுவனங்களில் செய்தும் காட்டியவர். ஆய்வுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவல் கவுன்டரில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள், நூலகரிடம் அப்புறம்.