கடைப் பழத்து விதையில் வந்த பப்பாளி பாதிக்கு மேல் ஆண்மரம் ஆனது ஏன்? ஆணி அடித்தால் மாறுமா?

நீங்கள் கேட்டது: கடையில் வாங்கிய பழத்தின் விதையைப் போட்டு எட்டு மரம் வளர்த்தீர்கள், ஐந்து ஆணாகிவிட்டன, தண்டில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள், செய்யலாமா?

வேண்டாம். ஆணி அடித்தால் தண்டு அழுகும், அவ்வளவுதான். மரம் ஆணா பெண்ணா என்பது மகரந்தம் சூலில் சேர்ந்தபோதே முடிவாகிவிட்டது.

பப்பாளிக்கு 9 ஜோடி குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடிதான் பாலைத் தீர்மானிக்கிறது. இரண்டும் எக்ஸ் என்றால் பெண்மரம். ஒரு எக்ஸ், ஒரு ஒய் என்றால் ஆண்மரம். மனிதர்களைப் போலவே இருக்கிறதே என்று நினைப்பீர்கள்; ஆனால் இங்கே மூன்றாவது வகையும் உண்டு. ஆணின் ஒய்யிலிருந்து சற்றே மாறிய இன்னொரு ஒய் இருக்கிறது. எக்ஸோடு அது சேர்ந்தால் ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் உள்ள இருபால் மரம். இந்த இரண்டு ஒய்களும் பிரிந்து சுமார் 4,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மத்திய அமெரிக்காவில் மனிதர்கள் பப்பாளியைப் பழக்கிய காலத்தோடு அது ஒத்துப்போகிறது.

இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்த வகையானாலும் இரண்டு ஒய் ஒரே விதையில் சேர்ந்தால் கரு செத்துவிடும். ஆகவே இருபால் மரம் ஒவ்வொன்றிலும் ஒரு எக்ஸ் இருந்தே தீரும், அந்த எக்ஸ் வழியாகப் பெண் கன்றுகளும் வந்துகொண்டே இருக்கும். பாக்கெட் விதை விலை கொடுத்து வாங்கினாலும் எல்லாமே இருபாலாக வராதது இதனால்தான். விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி கணக்கு. பெண்மரத்துப் பூவில் ஆண்மரத்து மகரந்தம் சேர்ந்தால் கன்றுகளில் பாதி பெண், பாதி ஆண். பெண்மரத்தில் இருபால் மகரந்தம் சேர்ந்தால் பாதி பெண், பாதி இருபால். ஆண் ஒன்றுகூட வராது. இருபால் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்தால் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண். இருபால் பூவில் ஆண்மரத்து மகரந்தம் விழுந்தால் மூன்று வகையும் சரிக்குச் சரி.

உங்களுக்கு ஆண் கன்றுகள் வந்திருப்பதால் அந்தத் தோட்டத்திலோ பக்கத்திலோ ஓர் ஆண்மரம் நின்றிருக்கிறது என்பது உறுதி. பாதிக்குப் பாதி என்ற கணக்கில் பார்த்தால், எட்டில் ஐந்தோ அதற்கு மேலோ ஆணாக அமைய மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. துரதிர்ஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த முறை பழத்தைப் பார்த்து எடுங்கள். பெண்பூவின் காய் பெரும்பாலும் உருண்டையாக, உள்ளே பெரிய குழியோடு இருக்கும். இருபால் பூவின் காய் நீண்டு, சதை தடித்து, குழி சிறுத்திருக்கும். ரகத்துக்கு ரகம் வடிவம் கொஞ்சம் மாறும் என்றாலும், ரெட் லேடி போன்ற ரகத்தின் நீளப் பழத்து விதையில் ஆண்மரம் வருவது அரிது. இருபால் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றுவிடும். உறுதியாக வேண்டுமானால் இருபால் மரத்தில் விரியாத மொட்டு ஒன்றைக் காகிதப் பையால் மூடிக் கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் அடையாளம் கட்டுங்கள். ரெட் லேடி வீரிய ஒட்டு என்பதால் அதன் விதையில் வரும் மரங்களின் காய் அளவும் இனிப்பும் தாயைப் போல ஒரே சீராக இருக்காது. பால் கணக்கு மட்டும் தப்பாது.

விதையின் மேலுள்ள வழுவழுப்பான உறை முளைப்பைத் தடுக்கும். சாம்பல் சேர்த்துத் தேய்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்.

குழிக்கு ஒரு கன்று நடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இருபால் விதையில் குழிக்கு மூன்று கன்று வைத்தால் மூன்றுமே பெண்ணாகிவிட 27-இல் ஒரு வாய்ப்புதான். கோ 2 போல ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகத்தில் மூன்று வைத்தால் மூன்றுமே ஆணாக 8-இல் ஒன்று, நான்கு வைத்தால் 16-இல் ஒன்று. ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டுப் பூ வரும்வரை பொறுத்திருங்கள். நீளமான காம்பில் கொத்தாகத் தொங்கும் மெல்லிய குழல் பூ ஆண். இலைக்கணுவை ஒட்டி, அடி பருத்து நுனி கூர்த்த மொட்டு பெண். பிரித்தால் மகரந்தத்தாள் இருக்காது. அதே இடத்தில் நீண்டு ஒல்லியாக இருக்கும் மொட்டு இருபால். உள்ளே சூலகமும் அதைச் சுற்றி மகரந்தத்தாள்களும் தெரியும். வேண்டாததைப் பிடுங்காதீர்கள், நிற்கும் மரத்தின் வேர் அறுபடும். தரையோடு வெட்டுங்கள். ஆண், பெண் தனியாக வரும் ரகத்தில் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். வெட்டும் வேகத்தில் கடைசி ஆணையும் வெட்டிவிட்டு, பிஞ்சு உதிர்கிறதே என்று பிறகு கேட்பவர்கள் உண்டு.

ஆணி வைத்தியம் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? பால் குரோமோசோம் மாறாது, ஆனால் ஒய் உள்ள மரத்தின் பூ பருவத்துக்கு வளைந்துகொடுக்கும். குளிர்ச்சியான நாட்களில் சில ஆண்மரங்களின் நீண்ட காம்பு நுனியில் சூலகம் உள்ள பூ வந்து, சிறு காய்கள் தொங்கும். அதற்குச் சில வாரம் முன்பு யாராவது ஆணி அடித்திருந்தால் பெருமை ஆணிக்குப் போய்விடுகிறது! கடும் வெயிலில் நேர்மாறாக, இருபால் மரத்துப் பூக்களில் சூலகம் சுருங்கி அவை ஆண்பூவைப் போலாகிவிடும். தண்டில் ஒரு முழ நீளத்துக்குக் காயே இருக்காது. குளிரும் ஈரமும் தழைச்சத்தும் மிஞ்சினால் மகரந்தத்தாள்கள் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு காய் கோணல்மாணலாகும். பெண்மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அக்கம்பக்கத்தில் மகரந்தம் கிடைக்குமானால் கொல்லையில் நிற்க வேண்டியது பெண்மரம்தான் என்பது என் கருத்து. சந்தைக்கு விளைவிப்பவர்கள் நீளப் பழத்துக்காக இருபாலை வைத்துக்கொள்வார்கள்.

பின்னூட்டத்தில் ஒருவர், பக்கத்தில் ஆண்மரம் நின்றால் பழச் சதை மஞ்சளாகிவிடும் என்று எழுதியிருந்தார். இந்தப் பருவத்துப் பழத்தில் அது நடக்காது. சதை முழுக்கத் தாய்மரத்தின் திசு. மகரந்தத்தின் பங்கு விதைக்குள் மட்டும். அந்த விதையை நட்டால் வேறு கதை. சிவப்பு நிறமியை மஞ்சளாக்கும் நொதியின் மரபணு பழுதானால்தான் சதை சிவக்கும்; பழுதான பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். ஹவாயில் சிவப்பான சன்அப்பையும் மஞ்சளான கபோஹோவையும் சேர்த்து உருவாக்கிய ரெயின்போ ரகம் மஞ்சளாக வந்தது அதனால்தான். அதன் விதையைத் தன் மகரந்தத்தாலேயே எடுத்து நட்டால் நான்கில் ஒன்று மறுபடி சிவக்கும்.