குஸ்கோவில் முதல் இரவு: கடிதமும் பதிலும்

வணக்கம். வரும் ஜூன் மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு குழுச் சுற்றுலாவில் பெரு போகிறோம். அப்பாவுக்கு 66 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். லிமாவில் ஒரு இரவு, மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, அன்று மதியமே நகரச் சுற்றும் சாக்சாய்வாமான் கோட்டையும், அடுத்த நாள் விடியற்காலை வானவில் மலை, அதன் பிறகு மாச்சு பிக்சு என்று திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். "கோகா டீ குடித்தால் போதும், கைடிடம் ஆக்சிஜன் இருக்கும்" என்கிறார்கள். லடாக்கில் உள்ள லே ஊருக்குப் போன எங்கள் உறவினர் ஒருவர் இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். அதனால் பயமாக இருக்கிறது. என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

உங்கள் பயம் நியாயமானதுதான். முதலில் பயண வரிசையை மாற்றச் சொல்லுங்கள். மாத்திரை, டீ, ஆக்சிஜன் எல்லாம் அதற்குப் பிறகு.

லிமா கடற்கரை ஊர். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய லே அளவு, நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட 700 மீட்டருக்கும் மேல். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை கூடும். அது மூச்சின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். சிறுநீரகம் காரத்தன்மை தரும் பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிசெய்ய ஓரிரு நாள் ஆகும். அந்த ஓரிரு நாளில்தான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். அங்கே இதை சொரோச்சே என்பார்கள்.

இறங்கிய உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி தொடங்கும். காலை 10 மணிக்கு இறங்கியவர் மதியம் தெம்பாக இருப்பார். குழுவோடு 3,700 மீட்டரில் இருக்கும் சாக்சாய்வாமானுக்குப் படியேறிவிட்டு, ராத்திரி வாந்தி எடுப்பார். மறுநாள் விடியற்காலை அவரையே 5,000 மீட்டருக்கு மேலே ஏற்றுவது என்பது, அதுவும் பி.பி. உள்ள 66 வயதுக்காரரை ஏற்றுவது, எனக்குச் சம்மதமில்லை. வானவில் மலைக்கு உங்கள் அப்பாவை அழைத்துப்போகவே வேண்டாம். நீங்கள் போவதானால் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "குஸ்கோ விமான நிலையத்திலிருந்து நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். முதல் இரண்டு இரவு அங்கே. பிறகு மாச்சு பிக்சு. குஸ்கோ நகரம் கடைசியில்." இடங்கள் அவையேதான், வரிசை மட்டும் மாறுகிறது. உருபம்பா ஊர் சுமார் 2,870 மீட்டர், ரயில் ஏறும் ஒல்லாந்தாய்தம்போ சுமார் 2,800, மாச்சு பிக்சு 2,430. எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைத்தான் உடம்பு அதிகம் கணக்கில் எடுக்கும். வழியில் சாலை 3,760 மீட்டரில் இருக்கும் சின்செரோவைத் தாண்டித்தான் இறங்கும். வண்டியில் கடப்பதில் கெடுதல் இல்லை. நெசவு பார்க்கலாம் என்று கைடு அங்கே வண்டியை நிறுத்தினால், திரும்பும்போது பார்க்கிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அவர்கள் மாற்ற மறுத்தால், முதல் நாள் சுற்றுக்கு உங்கள் குடும்பம் வராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறைக்குப் பெட்டியை ஹோட்டல் பையன் தூக்கட்டும். மதியம் கினோவா சூப், கொஞ்சம் சோறு, வேகவைத்த உருளைக்கிழங்கு போதும். உயரத்தில் ஜீரணம் மந்தமாகும். அரை மணி நேரம் சமதளத்தில் மெல்ல நடக்கலாம். குஸ்கோ நகரின் சான் பிளாஸ் பகுதிக்குப் போக வேண்டாம், எல்லாமே ஏற்றம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும். காபியை மட்டும் திடீரென்று நிறுத்தாதீர்கள். தினம் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடித்தவர் அன்று நிறுத்தினால் அதற்கே தலை வலிக்கும், எந்தத் தலைவலி எது என்று புரியாது.

மாத்திரை என்றால் அசிட்டசோலமைடு. சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை இது முன்கூட்டியே தொடங்கிவைக்கும். வழக்கமான அளவு காலை 125, மாலை 125 மில்லிகிராம். நம்மூரில் 250 மாத்திரை கிடைக்கும், பாதியாக உடைக்க வேண்டும். லிமாவில் இருக்கும்போதே தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை சாப்பிடுவார்கள். விரல் நுனி மரத்துக் கூசும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடாவின் சுவை சப்பென்று ஆகிவிடும். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஆனால் சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. அப்பாவின் பி.பி. மாத்திரையில் சிறுநீர் போக்கும் மருந்து கலந்திருந்தால் பொட்டாசியம் குறையலாம்; மாத்திரை அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். முதல் சில நாள் பி.பி. கூடும் என்பதால் அவருடைய மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

கோகா டீ குடிக்கலாம், சூடாக இதமாக இருக்கும். அது மலைநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குடித்தவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் என்று காட்டக்கூடும். இலையையோ டீ பையையோ ஊருக்குக் கொண்டுவராதீர்கள். இங்கே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கோகா இலையும் அடங்கும்.

"ஆக்சிஜன் இருக்கும்" என்கிறார்களே, என்ன ஆக்சிஜன் என்று கேளுங்கள். கடைகளில் விற்கும் கைக்கு அடக்கமான டப்பா சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாஸ்க்கோடு கூடிய மருத்துவ சிலிண்டர் வண்டியிலும் ஹோட்டலிலும் உண்டா, ராத்திரி எந்த கிளினிக்குக்குப் போவார்கள், கைடின் போன் ராத்திரியும் எடுக்கப்படுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை முதல் நாள் குஸ்கோவில் 85 முதல் 90 சதவீதம் வரை காட்டினால் பதற வேண்டாம். ஜூனில் விரல் சில்லிட்டிருக்கும்; தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இல்லாத விரலில், ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தூக்கத்தில் மூச்சு பத்து வினாடி நின்று, பிறகு ஆழமாக இழுப்பதைக் கண்டும் அம்மா பயப்பட வேண்டாம். உயரத்தில் பலருக்கும் அப்படித்தான்.

பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் கூடும் இருமல், நுரைத்த சளி, பேச்சில் குழப்பம். குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. குஸ்கோவிலிருந்து உருபம்பா பக்கம் இறங்க முதலில் மேடு ஏற வேண்டியிருப்பதால், கிளினிக்கில் ஆக்சிஜன் கொடுத்து நிலைப்படுத்திவிட்டு லிமாவுக்கு அனுப்புவதே பெரும்பாலும் நடக்கும். உங்கள் காப்பீடு 4,000 மீட்டர் உயரத்துக்கும் விமானத்தில் கொண்டுபோவதற்கும் பொருந்துமா என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பெருவிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதால், அப்பாவுக்கு அதைப் போடலாமா என்பதையும் அசிட்டசோலமைடு பற்றிக் கேட்கும் அன்றே அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே கேட்பது நல்லது.