கேளுங்க, சொல்றேன்: கயிறு, முடி, சப்பாத்து

தைப்பூசம் முடிஞ்ச கையோட வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், பள்ளிக்கூட உடுப்பு. அதனால இந்த மாசம் மாமியார் கேள்வி, வேலையிடத்து கேள்வி எல்லாம் ஓரமா இருக்கட்டும், அடுத்த மாசம் பார்த்துக்கலாம். பேரு போட வேணாம்னு நிறைய பேர் கேட்டுக்கிட்டீங்க, யாரு பேரும் போடல.

அக்கா, நான் நாலாம் படிவம். தைப்பூசத்துக்கு பால்குடம் எடுத்தேன், கையில காப்பு கட்டியிருந்தாங்க. மறுநாள் கேட்லயே கட்டொழுங்கு ஆசிரியர் நிறுத்தி கயிறை கத்திரிக்கோலால வெட்டிட்டாரு, நெத்தியில இருந்த விபூதிய டிஷூ கொடுத்து தொடைக்க சொன்னாரு. என் கிளாஸ்ல பஞ்சாபி பையன் டர்பனோட வர்றான், மலாய் பிள்ளைங்க தலையை மூடி தூடோங் போட்டுட்டு வர்றாங்க, எனக்கு மட்டும் ஏன் இப்படி? மத சுதந்திரம்னு செஜாரா (வரலாறு) பாடத்துல படிக்கிறோமே, அது சும்மாவா?
– மாணவி, செந்தூல்

கண்ணு, உன் கோபம் நியாயம்தான். ஆனா சட்டத்தை இழுத்துட்டே, அதனால சட்டத்தையே சொல்றேன், கொஞ்சம் கசக்கும். நம்ம மலேசிய அரசியலமைப்புச் சட்டத்தோட 11வது பிரிவு எல்லாருக்கும் அவங்கவங்க மதத்தை பின்பற்ற உரிமை கொடுக்குது, உண்மை. அதை வெச்சு பள்ளிக்கூட உடுப்பு பத்தி ஒரு பெரிய கேஸே நடந்திருக்கு, போட்டது நம்ம ஆளுங்க இல்ல. 1997ல நெகிரி செம்பிலான்ல ஒரு ஆரம்பப்பள்ளியில தலையில செர்பான்ங்கிற தலைப்பாகை கட்டிக்கிட்டு வந்த 3 முஸ்லிம் பையன்கள பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திட்டாங்க. 1999ல சிரம்பான் உயர்நீதிமன்றம் பையன்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அப்பீல்ல அது கவுந்துருச்சு, கடைசியா 2006ல கூட்டரசு நீதிமன்றம் அந்த பள்ளிக்கூட விதி அரசியலமைப்புக்கு விரோதம் இல்லன்னு முடிச்சு வெச்சுருச்சு. அந்தப் பழக்கம் மதத்துல எவ்வளவு முக்கியம், தடை ஒரேயடியா போட்டதா இல்ல பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டுமா, எந்த சூழ்நிலையில போட்டாங்க, இதையெல்லாம் சேர்த்துதான் பார்க்கணும்னு சொன்னாங்க. நாட்டோட மதத்தைச் சேர்ந்த பிள்ளைங்களுக்கே இதுதான் தீர்ப்புன்னா, கோர்ட்டுக்கு போனா ஜெயிச்சுருவோம்னு நான் உனக்கு ஆசை காட்ட முடியாது.

ஆனா அதே அளவுகோல்ல உனக்கு சாதகமா ஒண்ணு இருக்கு பாரு. காப்பு ஃபேஷனுக்கு கட்டுறது இல்ல, விரதம் எடுத்தவங்க கட்டுறது, நிறைய குடும்பத்துல இடும்பன் பூசை முடிஞ்சுதான் அவுப்பாங்க, அதாவது நீ வருஷம் முழுக்க சலுகை கேக்கல, சில நாளு கேக்கிற. இதை அம்மா அப்பா தைப்பூசத்துக்கு முன்னாடியே நாலு வரியில லெட்டரா எழுதி தலைமையாசிரியர் கையில கொடுத்தா வேணாம்னு சொல்ற பள்ளிக்கூடம் ரொம்ப கம்மியாத்தான் இருக்கும். தூடோங்குக்கு சீருடை விதியிலயே இடம் இருக்கு, டர்பனை யாரும் கேள்வி கேக்கிறது இல்ல, நம்ம விபூதியும் பொட்டும்தான் அன்னிக்கு கேட்ல நிக்கிற ஆசிரியரோட மூடை பொறுத்து போயிருச்சு, ஒரு ஆசிரியர் சிரிச்சுட்டு விடுவாரு, இன்னொருத்தர் டிஷூ நீட்டுவாரு. எனக்கு அநியாயமா படுறது இதுதான். அப்புறம் அந்த கத்திரிக்கோல். கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லி வீட்டுக்கு லெட்டர் அனுப்பலாம், சாமி கும்பிட்டு கட்டின காப்பை ஒரு பொம்பள பிள்ளை கையைப் பிடிச்சு வெட்டுறதுக்கு பேரு கட்டொழுங்கு இல்ல. நடந்த தேதி, நேரம், யாரு பார்த்தாங்க, எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கோ, அப்பாவை கூட்டிட்டு போய் பேசு. கத்திட்டு வராதீங்க, பள்ளிக்கூட விதி புத்தகத்துல எந்த பக்கத்துல இது இருக்குன்னு மட்டும் காட்ட சொல்லுங்க.

தமிழ்நாட்டுலயே பள்ளிக்கூடத்துல கயிறு, பொட்டு எல்லாம் கூடாதுன்னு நீதிபதி சொல்லிட்டாரு, நம்ம ஆளுங்கதான் இங்க எதுக்கெடுத்தாலும் இனப் பிரச்சனை ஆக்குறாங்க. நீங்களும் அதுக்கு தாளம் போடாதீங்கம்மா.
– ஒரு தாத்தா, கெப்போங்

ஐயா, நீங்க சொல்றது பாதி சரி, மிச்ச பாதியிலதான் விஷயமே இருக்கு. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ஒரு தலித் பையனையும் அவன் தங்கச்சியையும் கூட படிக்கிற பையன்களே வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க, அதுக்கு அப்புறம்தான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில அரசாங்கம் ஒரு குழு போட்டுச்சு. 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில, கலர் கயிறு, மோதிரம், நெத்தியில வைக்கிற குறி இதெல்லாம் பிள்ளைங்களுக்கு வேணாம்னு பரிந்துரை இருந்தது. ஏன்னா அங்க தென் மாவட்டங்கள்ல இந்த கலர் கயிறு இந்த சாதின்னு பையன்க அடையாளம் வெச்சிருக்காங்க, கையைப் பார்த்தே யாரு எவன்னு பிரிச்சுருவாங்க. அங்கயும் நெத்திப் பொட்டை ஏன் இதுல சேர்த்தீங்கன்னு எதிர்ப்பு வந்துச்சு, அது வேற கதை.

செந்தூல் பிள்ளை கட்டினது பால்குடத்துக்கு கட்டின காப்பு ஐயா, அதைப் பார்த்து எந்த பிள்ளையும் இன்னொரு பிள்ளையை அடிக்கப் போறதில்ல. விதி போடுறதுக்கு முன்னாடி இதனால யாருக்கு என்ன கெடுதல்னு கேட்டு அதுக்கு பதில் இருந்தா போடட்டும், நானே கை தட்டுறேன். நாங்குநேரியில பதில் இருக்கு. செந்தூல் கேட்ல அந்த ஆசிரியரை கேட்டா என்ன சொல்வாருன்னு எனக்கு தெரியல, விதின்னா விதின்னு சொல்வாரு போல.

ரெண்டு பிள்ளைங்க, ஒண்ணு ஆறாம் ஆண்டு, இன்னொண்ணு முதலாம் படிவம். அரசாங்கம் தலைக்கு 150 வெள்ளி கொடுத்துச்சு, ஆனா உடுப்பு, சப்பாத்து, பள்ளிக்கூட டிசட்டை, ஸ்போர்ட்ஸ் ஹவுஸ் டிசட்டை, யூனிட் உடுப்பு, டை, பேட்ஜுன்னு வாங்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல போயிருச்சு. என் வீட்டுக்காரர் கிராப் ஓட்டுறாரு. சீருடையே இல்லாம இருந்தா என்ன?
– ஓர் அம்மா, ஸ்தாப்பாக்

அம்மா, சீருடையே வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க, அதுல நான் உங்க கட்சி இல்ல. சீருடை இல்லன்னா பிள்ளை தினமும் என்ன சட்டை போடுறான், என்ன பிராண்ட்னு கெலாஸ்ல கணக்கு பார்ப்பாங்க, கிராப் ஓட்டுற வீட்டுப் பிள்ளைக்கும் கொண்டோவுல இருக்கிற பிள்ளைக்கும் வித்தியாசம் முதல் நாளே தெரிஞ்சுரும். 1970லருந்து நாடு முழுக்க ஒரே மாதிரி, ஆரம்பப்பள்ளிக்கு வெள்ளையும் நீலமும், இடைநிலைப்பள்ளிக்கு பையன்னா ஆலிவ் பச்சை, பொண்ணுன்னா டர்க்காய்ஸ். இதுல ஒரு பெரிய லாபம் என்னன்னா எந்த கடையிலயும் வாங்கலாம், மஸ்ஜிட் இந்தியாவுல வாங்கினாலும் சௌகிட்ல வாங்கினாலும் அதே கலர்தான், அண்ணன் போட்டதை தம்பி போடலாம், பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கிக்கலாம்.

உங்க பணம் போறது அந்த வெள்ளை சட்டையில இல்லம்மா, பள்ளிக்கூடம் தானா சேர்த்த சாமான்லதான். டிசட்டையில பள்ளிக்கூட சின்னம் இருக்கும், அது பள்ளிக்கூட கூட்டுறவுக் கடையான கோப்பராசில மட்டும்தான் கிடைக்கும், அடுத்த வருஷம் டிசைன் மாத்திருவாங்க, தம்பிக்கு ஆகாது. இங்கிலாந்துல இதுக்குன்னே 2021ல ஒரு சட்டம் வந்துச்சு, சின்னம் போட்ட உடுப்பை முடிஞ்ச வரைக்கும் குறைக்கணும், வெளிக்கடையில கிடைக்கிற சாதாரண உடுப்பே போதும்னு பள்ளிக்கூடங்களுக்கு வழிகாட்டி கொடுக்க வெச்சது. நமக்கு சீருடை பழக்கத்தை விட்டுட்டு போனவங்களே திருந்துறாங்க, நாம அவங்களை விட ஒரு படி மேல போய் டைக்கு சின்னம் குத்திக்கிட்டு இருக்கோம்.

அந்த 150 வெள்ளி 2023லருந்து வருமானம் பார்க்காம எல்லாருக்கும்னு ஆக்குனாங்க, நல்லது, யாரும் வறுமைக்கு ஃபாரம் நிரப்ப வேண்டியதில்ல. கருப்பு சப்பாத்தும் அப்படித்தான், வெள்ளை சப்பாத்துக்கு பதிலா இனி கருப்புன்னு 2018ல அன்னிக்கு இருந்த கல்வி அமைச்சர் அறிவிச்சப்ப நாடே சிரிச்சுச்சு, இதுதான் கல்வி சீர்திருத்தமான்னு. சிரிச்சவங்க யாரும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து வெள்ளை சப்பாத்து தேய்ச்சு வெள்ளை அடிச்சவங்க இல்ல. மழைக்காலத்துல அது காயாம ஈரத்தோட போட்டு அனுப்பின அம்மாங்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம்னு. பெற்றோர் ஆசிரியர் சங்க கூட்டத்துல எழுந்து இந்த டிசட்டையை மூணு வருஷத்துக்கு டிசைன் மாத்தாதீங்க, பழசு கொண்டு வந்து கொடுத்து வாங்க ஒரு மேசை போடுங்கன்னு கேளுங்க. ரெண்டுக்கும் பெரிசா செலவு கிடையாது.

நான் மூணாம் படிவம், பையன். ஃபேட் (பக்கத்துல முடியை ஒட்ட வெட்டுற ஸ்டைல்) வெட்டினதுக்கு அசெம்பிளில மேடையில ஏத்தி மெஷின் வெச்சு நடுவுல ஒரு கோடு போட்டுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க, வீடியோவும் எடுத்துட்டாங்க. மொட்டை போட்டா ஓகே, ஃபேட் ஓகே இல்ல, என்ன லாஜிக் இது?
– ஜிஞ்சாங்

தம்பி, லாஜிக் எல்லாம் இல்ல, பெரியவங்களுக்கு ஃபேட் பிடிக்கல, அவ்வளவுதான். அதுக்காக உன்னை தட்டிக் கொடுக்கவும் மாட்டேன், விதி தெரிஞ்சுதானே போய் வெட்டினே, லீவுல வெட்டிக்கலாம்ல.

ஆனா மேடை விஷயத்துல உன் பக்கம்தான். ஜப்பான்ல ஓசாகாவுல ஒரு பொண்ணு, பிறவியிலயே பழுப்பு முடின்னு சொல்லியும் திரும்பத் திரும்ப கருப்பு சாயம் அடிக்க வெச்சாங்க, அந்த பிள்ளை பள்ளிக்கூடம் போறதையே நிறுத்திருச்சு, 2017ல கேஸ் போட்டுச்சு. 2021 பிப்ரவரில தீர்ப்பு, நல்லா கவனிச்சுக்கோ, முடிக்கு விதி வைக்கிறது தப்பில்லன்னுதான் கோர்ட்டும் சொல்லுச்சு, ஆனா அவ மேசையை கெலாஸ்லருந்து எடுத்தது, பேரை பட்டியல்லருந்து தூக்கினது தப்புன்னு சொல்லி 3,30,000 யென் கொடுக்க வெச்சாங்க. மறு வருஷமே தோக்கியோ அரசாங்கப் பள்ளிகள்ல இந்த கருப்பு முடி விதியையே எடுத்துட்டாங்க. வீட்டுக்கு லெட்டர், ரெண்டு நாளைக்குள்ள வெட்டிட்டு வா, வராட்டி அப்பாவை கூப்பிடு, இது தண்டனை. ஆயிரம் பேர் முன்னாடி கோடு போடுறது வேடிக்கை. வீடியோ எடுத்த பையன்கிட்ட போனே பள்ளிக்கூடத்துக்குள்ள எப்படி வந்துச்சுன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே?

அக்கா, பினஃபோர் போட எனக்கு பிடிக்கும், ஆனா மலாய்க்காரங்க போடுற நீள உடுப்பு, பாஜு கூரோங், அதை போட்டா நல்லதுன்னு டீச்சர் ஜாடையா சொல்லிட்டே இருக்காங்க. கூரோங்ல வேர்த்து ஊத்துது.
– பிரிக்ஃபீல்ட்ஸ்

ரெண்டும் விதியில இருக்கு, எதை போடணும்னு முடிவு உன்னோடதும் உன் அம்மாவோடதும். 2008ல வெள்ளை பிளவுஸ் உள்ள தெரியுதுன்னு ஒரு மாணவர் சங்கம் கிளப்பி பெரிய பேச்சாச்சு, துணி மெல்லிசா இருக்குன்னா தையக்காரரை கேக்கணும், பிள்ளையை ஏன் கேக்கிறாங்கன்னு எனக்கு புரியவே இல்ல. உள்ள ஒரு சிங்லெட் போட்டுக்கோ, போதும். வெயிலுக்கும் வழி இருக்கு, 2023ல சூடு தாங்காம போனப்ப கல்வி அமைச்சே ஸ்போர்ட்ஸ் உடுப்பு போட்டு வரலாம்னு விட்டுச்சு, வெயில் ஏறுறப்ப கெலாஸ் டீச்சர்கிட்ட தைரியமா கேளு.

நான் கட்டொழுங்கு ஆசிரியர். உங்க பத்தியில எங்களை எப்பவும் வில்லனாத்தான் காட்டுறீங்க. காலையில கேட்ல நின்னு பாருங்க, சில பையன்க கையில கட்டியிருக்கிறது கோயில் கயிறு இல்ல, கும்பல் அடையாளம். எது எதுன்னு நாங்க எப்படி பிரிக்கிறது? விட்டா எங்களை கேப்பாங்க, பிடிச்சாலும் எங்களைத்தான் கேக்கிறாங்க.
– செராஸ்

சார், உங்க கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன். குண்டர் கும்பல் பயம் கற்பனை இல்ல, 04, 08, 36னு கும்பல் நம்பரை நம்ம பிள்ளைங்க நோட்டு அட்டையில கிறுக்கிறதை பார்க்காத அம்மா அப்பா நம்ம ஊர்ல இல்ல, அதை பள்ளிக்கூட வாசல்லயே நிறுத்தறதுக்கு நீங்க ஒருத்தர்தான் நிக்கிறீங்க, அதுக்கு மரியாதை உண்டு. ஆனா சந்தேகம் பையன் மேலன்னா அந்த பையனை தனியா கூப்பிட்டு விசாரிங்க, அவன் கூட யாரு சுத்துறான்னு பாருங்க, கயிறு வெட்டினா கும்பல் போயிருமா? அவன் சாயங்காலம் மறுபடி கட்டிக்குவான், வெட்டு வாங்கி அழுறது பால்குடம் எடுத்த பிள்ளைதான்.

உங்க பள்ளிக்கூடத்துல இருக்கிற தமிழ் ஆசிரியர், இல்ல பக்கத்து கோயில் நிர்வாகத்துல ஒருத்தர், இவங்ககிட்ட தைப்பூசம், நவராத்திரி, சபரிமலை மாலை, தீபாவளி மருதாணி எந்த மாசம் வரும், எத்தனை நாள் இருக்கும்னு கேட்டு ஒரு பக்கத்துல எழுதி ஆசிரியர் அறையில ஒட்டி வெச்சுருங்க, மருதாணி ரெண்டு வாரத்துல தானா போயிரும், அதுக்கு ஒரு பிள்ளையை வெயில்ல நிக்க வைக்க வேணாம். இன்னொண்ணு, பிடிச்ச பிள்ளைங்களை முதல் ரெண்டு பாடமும் கேண்டீன் பக்கம் உக்கார வைக்கிறதா நிறைய பேர் எழுதியிருக்காங்க. பேரை எழுதிக்கிட்டு கெலாஸுக்கு அனுப்பிருங்க சார், கணக்கு பாடம் போச்சுன்னா சப்பாத்து கலரை வெச்சு அதை திருப்பி எடுக்க முடியாது, கூப்பிட்டு பேசுறதை ஓய்வு நேரத்துல வெச்சுக்கலாம்.