கோடை விடுமுறையில் மலைக்குப் போகாமல், ஏரிக்கரை ஊர்களில் இருக்கும் நண்பர்களைப் பார்க்கக் காரில் போய்வந்த அனுபவம் உண்டா?

உண்டு. 2019 மே மாதம்.

சென்னைக்காரர்கள் அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் தரை தெரியக் கிடந்தன. வளசரவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் போர்வெல் ஏப்ரலிலேயே கைவிட்டது. லாரி வரும் சத்தம் கேட்டால் குடத்தோடு ஓடுவதுதான் காலை வேலை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான்.

மகளுக்கு லீவு. நான் ஊட்டியில் அறை தேடிக்கொண்டிருந்தேன். மனைவிதான் சொன்னாள்: "உன் ஹாஸ்டல் ரூம்மேட்ஸ் மூணு பேரும் ஏரிக்கரைக்காரங்கதானே? இருபது வருஷமா வா வான்னு கூப்பிடறாங்க." மதுராந்தகம், லால்பேட்டை, கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று நாள், மூன்று வீடு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கத்திரி வெயிலில் காரில் போகிறவர்கள் பத்து மணிக்குள் எங்கேயாவது நிழலில் ஒதுங்கிவிட வேண்டும்.

மதுராந்தகத்தில் காலை இட்லி முடிந்ததும் நண்பனின் அப்பா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். எழுபது வயதைத் தாண்டியவர், அந்த ஏரி பாயும் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். நெடுஞ்சாலையில் எத்தனையோ முறை அந்த ஏரியைக் கடந்து போயிருக்கிறேன், கரையில் இறங்கியதில்லை. தண்ணீர் வற்றி மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மகள் ஏமாந்த முகத்தோடு, "இதுதான் ஏரியா தாத்தா?" என்றாள். "தண்ணி இருந்தா ஏரி என்கிட்ட பேசாது கண்ணு, இப்பதான் பேசும்" என்றார் அவர்.

பிறகு ஒரு மணிநேரம் நடத்திக் காட்டினார். கரையை அலை அரிக்காமல் பதித்த அலைகல். பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிற மதகு. நிறைந்ததும் உபரி தானாக வழிந்து கிளியாற்றுக்குப் போகிற கலங்கல். தரையில் வெடித்துக் கிடந்த வண்டலை ஒரு பிடி எடுத்து மகள் கையில் வைத்தார். அந்தக் காலத்தில் கோடையானால் வண்டி கட்டி இந்த மண்ணை வயலுக்கு அடிப்பார்களாம். வயலுக்கு உரமும் ஆச்சு, ஏரிக்குத் தூர் வாரினதும் ஆச்சு. நிறைந்த ஏரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இதில் எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

கரையை ஒட்டியே ஏரி காத்த ராமர் கோயில். 1798இல் பெருமழையில் கரை உடைகிற நிலை வந்தபோது, கிழக்கிந்தியக் கும்பினியின் கலெக்டர் லயோனல் பிளேஸ் இரவில் கரையைப் பார்க்கப் போனார், வில்லேந்திய இருவர் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்பது ஊர்க் கதை. கரை உடையவில்லை. அவர் தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்தார், அதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கரை ஓர் இரவு தாங்கியதற்குச் சன்னதி எழுந்த ஊர் அது. கரை உடைந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்குத்தான் அந்த நன்றி புரியும்.

மறுநாள் விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் வழி. நான்குவழிச் சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் பயணம் நீண்டது. பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கி டிக்கியில் வைத்தோம், அந்த வாசனை கூடவே வந்தது. சேத்தியாத்தோப்பைத் தாண்டி வீராணம் ஏரிக்கரையில் ஏறியதும் வலதுபக்கம் ஒரே தண்ணீர். முழுக் கொள்ளளவு இல்லை, ஆனாலும் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. காரை நிறுத்தினோம். யாரும் பேசவில்லை. ஒரு மாதமாக ஒரு வாளித் தண்ணீருக்குக் கணக்குப் பார்த்தவர்கள் நாங்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீரநாராயணன் என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரிதான் பேச்சில் வீராணம் ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது, இன்றும் வயலுக்குப் பாய்கிறது. 2004 முதல் சென்னைக்கும் வருகிறது. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடி, போரூர் வந்து சேர்கிறது. நாளுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். சின்ன வயதில் சாலையோரம் ஆள் நிற்கும் உயரத்துக்குக் கிடந்த சிமென்ட் குழாய்களை நானே பார்த்திருக்கிறேன். பழைய வீராணம் திட்டம் நின்றுபோனதில் மிச்சமானவை அவை. அவற்றுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன.

லால்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. ரமலான் மாதம். வீட்டில் எல்லோருக்கும் நோன்பு. அந்த வெயிலில் விடியற்காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்கள் எங்களுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், சோறு போட்டார்கள். நான் தயங்கியதைப் பார்த்து நண்பனின் அம்மா, "தம்பி, நோன்பு எங்களுக்குத்தான், வந்த புள்ளைங்களுக்கு இல்ல. நல்லா சாப்பிடுங்க" என்றார். அந்தக் குரலை இன்றும் என்னால் கேட்க முடிகிறது.

மாலையில் நண்பன் வெற்றிலைக் கொடிக்கால் வழியாக எங்களைக் கரைக்கு அழைத்துப்போனான். அகத்தி நிழலில் கொடி படர்ந்த பாத்திகளுக்குள் நுழைந்ததும் வெயில் அடங்கிவிடும், அப்படியொரு குளிர்ச்சி. கரையில் உட்கார்ந்தோம். அவன் உதடு வெடித்திருந்தது. ஆனால் பேச்சு முழுக்க ஏரியைப் பற்றித்தான்.

"இந்தத் தண்ணி உங்க வீட்டுக்கு வருது, தெரியுமாடா?" என்றான். தெரியும். ஆனால் அப்போதுதான் உறைத்தது. குடிநீருக்கு ஒதுக்கினால் பயிருக்குக் குறையத்தான் செய்யும், பாசனத்தின் கடைசியில் இருக்கும் கடைமடையில் வாய்க்கால் காயும். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "குடிக்கத் தண்ணி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றான், அவ்வளவுதான். ஆறரை மணிக்குப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம், பிறகு நோன்புக் கஞ்சி. மகள் மூன்று கிண்ணம் குடித்தாள்.

மூன்றாம் நாளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கங்கைகொண்ட சோழபுரத்து நண்பன் பொன்னேரியைக் காட்டினான். ராஜேந்திர சோழன் கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றிய சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீர்மயமான வெற்றித்தூண் என்கிறது. இப்போது பெரும்பகுதி புதரும் வயலும். ராஜேந்திரன் அங்கே கட்டிய கோயிலின் வெளிமதில் எங்கே என்று கேட்டேன். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது அதன் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்றான். அன்று மதியமே கீழணை இருக்கும் அணைக்கரைக்குப் போய்ப் பாலத்தில் நின்றோம். கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. சோழனின் மதில் அணையாகி, அணைத் தண்ணீர் வீராணத்துக்குப் போய், அங்கிருந்து வளசரவாக்கத்துக் குழாய்வரை வருகிறதே என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கேட்டவருக்கு ஒரு யோசனை. நிறைந்த ஏரியும் வேடந்தாங்கல் பறவைகளும் வேண்டுமென்றால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஏரி எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கோடைதான் சரி. லாட்ஜில் தங்காதீர்கள், நண்பர் வீட்டில் தங்குங்கள். கரையில் கூட நடக்க ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

இப்போதும் மழைக்காலம் வந்தால் லால்பேட்டை நண்பன் வாட்ஸ்அப்பில் வீராணத்தின் நீர்மட்டத்தை அனுப்புவான். 45, 46 என்று ஏறிக்கொண்டே போய் முழு மட்டமான 47.50 அடியைத் தொட்ட அன்று கரையிலிருந்து ஒரு படமும் வரும். பதிலுக்கு என் மகள் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து படமெடுத்து அவனுக்கு அனுப்புகிறாள்.