குற்றப் புலனாய்வின் அடிப்படைகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

சட்டம் படிக்காத ஒருவர் குற்றப் புலனாய்வைக் கற்க எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில், சம்பவ இடத்தில் எழுதப்படும் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன். கைரேகையும் டி.என்.ஏ.வும் எல்லோரையும் ஈர்க்கின்றன; ஆனால் ஒரு தடயம் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் ஆவணம் தடுமாறினால், ஆய்வக அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வழக்கைத் தாங்காது.

கொலை நடந்த இடத்துக்கு வரும் விசாரணை அதிகாரி, சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜரும் (சம்பவ இடத்தில் கண்டதை விவரிக்கும் ஆவணம்) மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். இரத்தம் தோய்ந்த மண்ணோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சற்றுத் தள்ளியுள்ள கறைபடாத மண்ணையும் தனியாகச் சேகரிக்க வேண்டும். ஈரமான இரத்தக்கறைத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். அதன்பின் அந்த உறை முத்திரையிடப்பட்டு, நீதிமன்றம் வழியாக ஆய்வகம் சேரும்வரை யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே எழுதியதாகச் சொல்லப்படும் மகஜரின் தலைப்பில், அந்த அறிக்கை பதிவாகும்போதுதான் தரப்படும் குற்ற எண் இருந்தால், அது பின்னர் எழுதப்பட்டதோ என்ற ஐயத்தைக் குறுக்கு விசாரணையில் எளிதாக எழுப்பிவிடலாம்.

இவற்றோடு சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், முதல் தகவல் அறிக்கைக்குப் பிரிவு 173, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவு செய்வதற்குப் பிரிவு 105, காவல்துறையினர் சாட்சிகளை விசாரிப்பதற்குப் பிரிவு 180 ஆகியவை முதலில் போதும். சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 23-ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். காவல்துறையிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. ஆயினும் காவலில் உள்ளவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்குக் காரணமான பகுதி மட்டும் ஏற்கப்படும். “கத்தியால் குத்தினேன், அதை வைக்கோற்போரில் ஒளித்து வைத்தேன்” என்பதில் பின்பாதியே நிற்கும். ஆங்கிலேயர் காலத்தில் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலின் புலுக்குரி கோட்டையா தீர்ப்பு இந்த எல்லையை வகுத்தது. இன்றும் நீதிமன்றங்கள் அதையே எடுத்தாள்கின்றன.

அடுத்து, சூழ்நிலைச் சாட்சியத்தை (நேரில் கண்ட சாட்சி இல்லாமல், சூழ்நிலைகளைக் கோத்துக் குற்றத்தை நிறுவுவது) பற்றி 1984-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பைப் படித்துவிட்டு, உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில், விசாரணை அதிகாரி கூண்டேறும் நாளில், பார்வையாளராகச் சென்று அமருங்கள். பொதுவாகக் குற்ற வழக்கு விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கிறது.