பகலில் மட்டும் இடம் இருக்கும் வீடு

கேள்வி: என் தங்கையின் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாடகை பாக்கியால் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு பாரிமுனைப் பக்கம் ஒரு கடை வாசலில் இரவு படுக்கிறாள். எங்களுடையது ஒற்றை அறை வீடு, இடமில்லை. பிள்ளைகள் படித்த தனியார் பள்ளி, ஃபீஸ் பாக்கி என்று டி.சி. தர மறுக்கிறது. பையனை மட்டும் டி.சி. இல்லாமலே மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். ஏழாவது படிக்க வேண்டிய பெண்ணுக்கு நான்கு மாதமாகப் படிப்பு நின்றிருக்கிறது. பகலில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ரொம்பப் பொறுப்பு; என் பத்து மாதக் குழந்தை அவள் கையால்தான் சாப்பிடுகிறான். வீடில்லாத பிள்ளைகளின் படிப்புக்குச் சட்டத்தில் வழி உண்டா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, டி.சி. கிடக்கட்டும். குழந்தை அவள் கையால்தான் சாப்பிடுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடித்தது. பத்து மாதக் குழந்தைக்குக் குழைத்த சோறு ஊட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அப்புறம் துணி மாற்றணும், தூளி ஆட்டணும். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள் என்பதை நீங்கள் எழுதாமலே தெரிந்துகொண்டேன். ஆக, இடமே இல்லாத அந்த அறையில் பகலில் மட்டும் அவளுக்கு இடம் வந்துவிடுகிறது. விளக்கு வைத்ததும் கடை வாசலுக்குப் போய்விட வேண்டும். ஏழாவது படிக்கிற வயதுப் பெண்!

அதே பள்ளி, அதே பாக்கி, அதே கடை வாசல். பையனுக்கு நடந்தது அவளுக்கு ஏன் நடக்கவில்லை? அவளுக்காக எத்தனை பள்ளி ஏறி இறங்கினீர்கள்? கடிதத்தில் ஒன்றுகூட இல்லை.

சரி, சட்டம் கேட்டீர்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லாவிட்டாலும், பள்ளி திறந்து மாதங்கள் ஓடிவிட்டாலும் அப்படித்தான். பாக்கி வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம். யாராவது இழுத்தடித்தால் அங்கேயே நின்று பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு போன் போடுங்கள்.

நீங்கள் கேட்காத சட்டம் ஒன்றும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம். பள்ளி விட்ட பிறகு, அல்லது விடுமுறையில் மட்டும். குடும்பம் என்றால் யார் யார் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. தாயின் சகோதரரும் அதில் உண்டு. அதாவது நீங்கள். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் உட்கார வைத்துக்கொண்ட தாய்மாமன்.

தகப்பன் இல்லாத பிள்ளைக்கு மாமன்தான் முன்னால் நிற்கணும். என் கட்சி அதுதான், பழைய கட்சி என்று யார் சொன்னாலும் சரி. சீர்வரிசையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது அவளுக்கு வேண்டியது காலையில் குளிக்க ஒரு வாளித் தண்ணீர், சீருடை காயப்போட ஒரு கொடி, புத்தகப் பையை நனையாமல் வைக்க ஒரு மூலை, இரவில் தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் ஒரு பாய். தங்கையும் பையனும் எங்கே போவார்கள் என்றால், அவர்களும் அங்கேதான். நெருக்கிப் படுங்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்து வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். சுத்தமாக முடியாது என்றால் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் விசாரிக்கலாம். ஆனால் முதலில் உங்கள் வீட்டில் முயன்று பாருங்கள்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நீங்களே அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போங்கள். தங்கையைத் தனியாக அனுப்பாதீர்கள். கடை வாசலில் படுக்கிற பெண்ணுக்கு ஆபீஸ் அறையில் யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.

குழந்தைக்கு யார் சோறு ஊட்டுவது என்கிறீர்களா? அதற்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள்.